பதினேழு வயதுப் பையனிடம் எந்தக் கணக்கைச் சொல்வது?

கோவிட் தடுப்பூசியை உலகத்திலேயே வேகமாகப் போட்டு முடித்த நாடுகளில் ஒன்று இஸ்ரேல். 2020 டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஆரம்பித்து, அடுத்த மே மாதத்துக்குள் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஃபைசர் ஊசியின் இரண்டு டோஸையும் போட்டுவிட்டார்கள். வேகமாகப் போட்டதால், அந்த ஊசியின் ஒரு பக்கவிளைவும் அங்கேதான் முதலில் தெளிவாகத் தென்பட்டது. இரண்டாவது டோஸ் போட்ட இரண்டு மூன்று நாளில், நெஞ்சு வலிக்கிறது என்று இளவயதுக்காரர்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்பிள்ளைகள்.

2021 ஜூன் தொடக்கத்தில் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் கணக்கை வெளியிட்டது. டிசம்பர் முதல் மே வரை 275 பேருக்கு இதயத் தசை அழற்சி. அவர்களில் 148 பேருக்கு ஊசி போட்டுக்கொண்டதை ஒட்டிய நாட்களில் வந்திருக்கிறது. முதல் டோஸுக்குப் பின் 27 பேர், இரண்டாவது டோஸுக்குப் பின் 121 பேர்.

ஐம்பது லட்சத்தில் 121 பேர் என்றால் பயப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும். அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இரண்டாவது டோஸ் போட்ட பெண்களில் சுமார் 2.18 லட்சம் பேருக்கு ஒருவர் பாதிக்கப்பட்டிருந்தார். ஆண்களில் 26,000 பேருக்கு ஒருவர். 16 முதல் 19 வயது வரையுள்ள ஆண்பிள்ளைகளை மட்டும் எடுத்தால் 6,637 பேருக்கு ஒருவர். ஒரே ஊசி, ஒரே நாடு, ஒரே ஐந்து மாதம். அறுபது வயது அம்மாவுக்கு அநேகமாக இல்லாத ஆபத்து, அவருடைய பேரனுக்கு ஓரளவு இருந்தது.

இந்தக் கட்டுரை அந்தப் பேரனைப் பற்றியது. ஊருக்கெல்லாம் பொதுவான சராசரியை அவனிடம் சொல்லி அனுப்பிவைத்தால் போதுமா, அவனுக்கென்று இருக்கிற கணக்கைச் சொல்ல வேண்டுமா என்பதுதான் கேள்வி. சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. தடுப்பூசியை நம்புகிறவன் என்பதாலேயே இதைச் சொல்கிறேன்.

முதலில் நோயைப் பார்த்துவிடலாம். மயோகார்டைடிஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த அழற்சியை நம் ஊரில் பலரும் மாரடைப்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். மாரடைப்பு என்பது குழாயில் அடைப்பு. இது மோட்டாரே சூடேறிவிடுவது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் சுத்தமாக இருக்கும், தசை மட்டும் வீங்கியிருக்கும். ஊசி போட்ட மூன்றாம் நாள் காலையில் பையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பான். சிலருக்கு இதயத்தின் உறையும் சேர்ந்து அழற்சி அடைவதால் மல்லாந்து படுத்தால் வலி கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறையும். லேசான காய்ச்சல் இருக்கலாம், மூச்சு வாங்கலாம், படபடப்பு இருக்கலாம். இசிஜி எடுத்தால் மாரடைப்போ என்று சந்தேகிக்கும்படி கோடுகள் மேலே ஏறியிருக்கும். ரத்தத்தில் ட்ரோபோனின் என்ற புரதத்தைப் பார்ப்பார்கள். இதயத் தசை காயப்பட்டால்தான் அது ரத்தத்தில் கசியும் என்பதால், அளவு எகிறியிருந்தால் சந்தேகம் உறுதியாகும். எக்கோ பார்த்து, வசதி இருந்தால் எம்ஆர்ஐயும் எடுப்பார்கள். பெரும்பாலும் சில நாள் மருத்துவமனையில் வைத்துக் கண்காணித்து, வலிக்கும் வீக்கத்துக்கும் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்குப் போன பிறகுதான் அந்த வயதுக்குக் கஷ்டமான மருந்து ஆரம்பிக்கும்: மூன்று முதல் ஆறு மாதம் ஓட்டம், கால்பந்து, ஜிம் எதுவும் கூடாது.

ஏன் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் அதிகம்? ஆண் ஹார்மோனுக்குப் பங்கு இருக்கலாம் என்பது ஒரு கருத்து. பாஸ்டனில் பாதிக்கப்பட்ட இளைஞர்களின் ரத்தத்தைச் சோதித்தவர்கள், ஊசியால் உடலில் உருவாகும் ஸ்பைக் புரதம் எதிரணுக்களால் பிடிக்கப்படாமல் சுற்றித் திரிவதைக் கண்டார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தவர்கள், நோய் எதிர்ப்பு மண்டலம் தேவைக்கு மேல் கொந்தளித்ததே காரணம் என்று சொன்னார்கள். எம்ஆர்என்ஏ வகை ஊசிகளிலேயே ஃபைசரைவிட மாடர்னாவுக்கு ஆபத்து கூடுதலாக இருந்ததற்கு எளிய காரணம் ஒன்று கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது: ஃபைசரில் ஒரு டோஸுக்கு 30 மைக்ரோகிராம், மாடர்னாவில் 100.

இதைச் சோதனைக் கட்டத்திலேயே கண்டுபிடித்திருக்கக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் ஃபைசர் நடத்திய சோதனையில் உண்மையான ஊசி போட்டுக்கொண்டவர்கள் 1,131 பேர்தான். பல ஆயிரம் பேரில் ஒருவருக்கு வரும் ஒன்று அந்தக் கூட்டத்தில் தலைகாட்டாமல் போவதில் வியப்பில்லை. சோதனை என்பது பெரிய மீன்களைப் பிடிக்கத்தான் உதவும். சின்ன மீன்கள் ஊசி லட்சக்கணக்கானோருக்குப் போன பிறகுதான் அகப்படும், அதுவும் யாராவது வலையை எடுத்துக்கொண்டு போயிருந்தால்.

இதயத்துக்கும் தடுப்பூசிக்கும் உள்ள இந்தத் தொடர்பு கோவிட் காலத்துக் கண்டுபிடிப்பும் அல்ல. உயிரியல் ஆயுதத் தாக்குதல் நடக்கலாம் என்ற பயத்தில் 2002 டிசம்பருக்குப் பிறகு அமெரிக்கா தன் ராணுவத்தினருக்குப் பெரியம்மைத் தடுப்பூசியைத் திரும்பவும் போட ஆரம்பித்தது. முதல்முறை போட்டுக்கொண்ட 2,30,734 வீரர்களில் 18 பேருக்கு இதயத்திலும் அதன் உறையிலும் அழற்சி வந்ததை 2003இல் பதிவு செய்தார்கள். சுமார் 13,000 பேருக்கு ஒருவர். நம் தாத்தா பாட்டிகளின் கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கும். அவர்கள் காலத்தில் ட்ரோபோனின் பார்க்கும் வசதி ஏது? நெஞ்சு வலித்த பையன் இரண்டு நாள் படுத்து எழுந்திருந்தால், யாரும் அதை ஊசிக் கணக்கில் எழுதியிருக்க மாட்டார்கள். அம்மை ஒழிந்ததே பெரிது என்ற காலம் அது.

இஸ்ரேல் கணக்குக்குப் பின் ஒவ்வொரு அரசும் செய்ததைப் பார்த்தால், அது தன் மக்களைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஸ்வீடன் 2021 அக்டோபர் 6ஆம் தேதி, 1991இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு மாடர்னாவை நிறுத்திவைத்தது. மறுநாள் பின்லாந்து முப்பது வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு நிறுத்தியது. ஐஸ்லாந்து மாடர்னாவையே ஓரம் வைத்தது. ஊசித் திட்டத்தை யாரும் கைவிடவில்லை, இளைஞர்களுக்கு ஃபைசர் போட்டார்கள், அவ்வளவுதான். நான்கு வட ஐரோப்பிய நாடுகளின் 2.3 கோடி மக்களை வைத்துப் பின்னால் வந்த ஆய்வு அந்த முடிவை நியாயப்படுத்தியது. 16 முதல் 24 வயது ஆண்களில், இரண்டாவது டோஸுக்குப் பின் லட்சம் பேருக்குக் கூடுதலாக ஃபைசரால் 4 முதல் 7 பேரும், மாடர்னாவால் 9 முதல் 28 பேரும் பாதிக்கப்பட்டிருந்தார்கள். கனடா வேறு வழியில் போனது. இரண்டு டோஸுக்கும் நடுவே மூன்று நான்கு வாரம் விடுவதற்குப் பதில் எட்டு வாரம் விட்டால் ஆபத்து குறைகிறது என்பது ஒன்டாரியோ மாகாணத் தரவில் தெரிந்தது. இடைவெளியைக் கூட்டச் சொன்னார்கள். அதற்குப் பைசா செலவில்லை.

ஹாங்காங்கின் பதின்வயது ஆண்பிள்ளைகளில் இரண்டாவது டோஸுக்குப் பின் 2,680 பேருக்கு ஒருவர் பாதிக்கப்பட்டிருந்தார். இஸ்ரேலைவிடக் கூடுதல். 2021 செப்டம்பரில் பதின்வயதினருக்கு ஒரே டோஸ் போதும் என்று சொல்லிவிட்டார்கள். அப்போது அந்த ஊரில் கோவிட் பரவல் ஏறத்தாழ இல்லை. நோயே இல்லாத இடத்தில் ஊசியின் சிறு ஆபத்தும் பெரிதுதான். நோய் கொழுந்துவிட்டு எரியும் ஊரில் இதே முடிவை எடுத்திருந்தால் நான் பாராட்டியிருக்க மாட்டேன். பிரிட்டனில் நிபுணர் குழு, 12 முதல் 15 வயது ஆரோக்கியமான பிள்ளைகளுக்கு ஊசியால் கிடைக்கும் மருத்துவ நன்மை ஆபத்தைவிடச் சற்றுத்தான் அதிகம், அனைவருக்கும் போடச் சொல்லும் அளவுக்கு இல்லை என்று செப்டம்பர் 3ஆம் தேதி சொன்னது. பத்து நாள் கழித்து, பள்ளிப் படிப்பு கெடுவதையும் கணக்கில் சேர்த்து ஒரு டோஸ் போடலாம் என்று தலைமை மருத்துவ அதிகாரிகள் முடிவு செய்தார்கள். இரு தரப்பும் தங்கள் கணக்கை ஊரறிய மேசைமேல் வைத்தே வாதிட்டன.

சிங்கப்பூர் செய்தது இன்னும் நேரடியானது. 2021 ஜூலையில் பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்கு, முதல் டோஸ் போட்ட ஆறாவது நாள், பளு தூக்கிய பின் இதயம் நின்றுபோனது. பிழைத்துக்கொண்டான். அந்த வாரமே, ஊசி போட்டுக்கொண்ட பதின்வயதினரும் இளைஞர்களும் ஒரு வாரத்துக்குக் கடும் உடற்பயிற்சி செய்யக் கூடாது என்று அறிவிப்பு வந்தது. பிறகு அதை இரண்டு வாரமாக்கினார்கள். அவனுடைய இதய அழற்சிக்கு ஊசியே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம், பளு தூக்கியதும் கஃபீனும் அதைத் தீவிரமாக்கியிருக்கலாம் என்று அரசு தானாகவே ஒப்புக்கொண்டு, நிதியுதவித் திட்டத்தின் உச்சத் தொகையான 2,25,000 சிங்கப்பூர் டாலரை வழங்கியது. யாரும் வழக்குப் போட வேண்டியிருக்கவில்லை. இதைச் சொன்னதால் சிங்கப்பூர் மக்கள் ஊசிக்குப் பயந்து ஓடிவிட்டார்களா? உலகில் மிக அதிக விகிதத்தில் தடுப்பூசி போட்டுக்கொண்ட மக்களில் அவர்களும் உண்டு.

அமெரிக்கா தடுமாறியது இங்கேதான். மருந்து உறையில் எச்சரிக்கையை 2021 ஜூனிலேயே சேர்த்தார்கள், தரவையும் ஒளிக்கவில்லை. ஆனால் மக்களிடம் பேசும்போது, ‘கோவிட் வந்தால் இதயத்துக்கு வரும் ஆபத்து ஊசியால் வருவதைவிட அதிகம்’ என்ற ஒரே வாக்கியத்தை எல்லா வயதுக்கும் சொன்னார்கள். மொத்த மக்கள்தொகைக்கு அது உண்மை. இஸ்ரேலின் இன்னொரு ஆய்வில் ஊசியால் லட்சம் பேருக்குக் கூடுதலாக 2.7 பேரும், கோவிட்டால் 11 பேரும் பாதிக்கப்பட்டிருந்தார்கள். ஆனால் இங்கிலாந்தில் 4.28 கோடிப் பேரின் தரவை அலசியபோது, நாற்பது வயதுக்குட்பட்ட ஆண்களில் மாடர்னா இரண்டாவது டோஸுக்குப் பின் பத்து லட்சத்துக்கு 97 பேரும், கோவிட் தொற்றுக்குப் பின் 16 பேரும் என்று கணக்கு தலைகீழானது. இந்த ஒரு பிரிவுக்கு, இந்த ஒரு மருந்துக்கு, அந்த ஒற்றை வாக்கியம் பொருந்தவில்லை. அமெரிக்காவில் பல கல்லூரிகள் ஆரோக்கியமான இருபது வயது மாணவர்களுக்கு மூன்றாவது டோஸைக் கட்டாயமாக்கின. ரோட்டா வைரஸ் தடுப்பூசியை உருவாக்கியவர்களில் ஒருவரான பால் ஆஃபிட்டே அந்த வயதினருக்கு அந்த பூஸ்டர் டோஸ் தேவையில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எட்டு வார இடைவெளியை அமெரிக்கா பரிந்துரைக்க 2022 பிப்ரவரி ஆனது. அதற்குள் ‘பார்த்தீர்களா, மறைக்கிறார்கள்’ என்று சொல்லக் காத்திருந்தவர்களுக்குத் தீனி கிடைத்துவிட்டது. விளையாட்டு மைதானத்தில் யார் சுருண்டு விழுந்தாலும் ஊசிதான் என்று முத்திரை குத்த ஆரம்பித்தார்கள்.

உண்மையில் நிலைமை என்ன? பிரான்ஸில் இதய அழற்சியால் மருத்துவமனையில் சேர்ந்த 4,635 பேரைப் பதினெட்டு மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். திரும்ப மருத்துவமனை வருதல், பிற இதயச் சிக்கல், மரணம் எல்லாம் சேர்த்துப் பார்த்ததில், ஊசிக்குப் பின் பாதிக்கப்பட்டவர்களில் 5.7 சதவீதம் பேருக்குத்தான் சிக்கல். வழக்கமான காரணங்களால் அழற்சி வந்தவர்களில் 13.2 சதவீதம். மரணங்களும் உண்டு, மிகச் சில; இஸ்ரேலின் முதல் தொகுப்பிலேயே ஒருவர் இறந்தார். சிலருக்குப் பல மாதம் கழித்தும் எம்ஆர்ஐயில் தழும்பு தெரிகிறது, அதை அலட்சியப்படுத்த முடியாது. 2025 ஜூனில் அமெரிக்க மருந்து நிர்வாகம் உறையில் சேர்க்கச் சொன்ன புதிய கணக்கு, 12 முதல் 24 வயது ஆண்களில் பத்து லட்சம் டோஸுக்குச் சுமார் 27 பேர் என்கிறது. முதல் சுற்றைவிட நன்றாகவே குறைந்திருக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். இங்கே இந்தப் பயத்துக்கு ஒரு முகம் உண்டு. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15ஆம் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் எல்லோருக்கும் எடுத்துக்காட்டாக இருக்கட்டும் என்று கோவேக்சின் போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி அதிகாலை மறைந்தார். அவருடைய இதயத்தின் முக்கிய ரத்தநாளம் ஒன்று முழுக்க அடைத்திருந்தது என்று சிகிச்சையளித்த மருத்துவர்கள் சொன்னார்கள். ஒரே நாளில் உருவாகும் அடைப்பு அல்ல அது. மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்தியக் குழுவும் பின்னர் அறிவித்தது. ஆனாலும் டீக்கடையில் அந்தப் பேச்சு ஓயவில்லை. இரண்டு நாள் இடைவெளி மனித மனதுக்குப் போதுமான சாட்சியாகிவிடுகிறது.

இதில் ஒரு விசித்திரம். கோவிட் ஊசிகளில், இத்தனை பக்கம் பேசிய இதய அழற்சி முக்கியமாக எம்ஆர்என்ஏ வகைக்கு உரியது. ஃபைசரும் மாடர்னாவும் நம் முகாம்களுக்கு வரவே இல்லை. இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து தங்களுக்கு விலக்கு வேண்டும் என்று அவை கேட்டதும் அதற்கு ஒரு காரணம். உலகில் ஆபத்து அதிகம் என்று கண்ட அந்தப் பதின்வயதுப் பிரிவுக்கு, 2022 ஜனவரி 3 முதல் நம் பள்ளிகளில் போடப்பட்டது கோவேக்சின். செயலிழக்கச் செய்த வைரஸைக் கொண்டு பழைய முறையில் செய்த ஊசி அது. ஆக, இங்கே இளைஞர்களின் திடீர் மரணத்துக்கெல்லாம் ‘வெளிநாட்டிலேயே ஒப்புக்கொண்டார்கள்’ என்று வாட்ஸப்பில் சுற்றும் ஆதாரம் வேறொரு மருந்தைப் பற்றியது. 2025இல் கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் அடுத்தடுத்து மாரடைப்பு மரணங்கள் நடந்தபோது, முதலமைச்சர் சித்தராமையாவே தடுப்பூசியைச் சந்தேகித்துப் பேசினார். அவருடைய அரசு அமைத்த நிபுணர் குழுவே தொடர்பு இல்லை என்று சொல்லிவிட்டது.

நாட்டளவில் இதை ஆராய்ந்தது சென்னையில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம். 18 முதல் 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென இறந்த 729 பேரை 2,916 பேரோடு ஒப்பிட்டார்கள். இரண்டு டோஸ் போட்டவர்களுக்கு அத்தகைய மரணத்தின் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. கோவிட்டுக்காக மருத்துவமனையில் இருந்தது, குடும்பத்தில் திடீர் மரணம் நடந்திருப்பது, இறப்பதற்கு 48 மணி நேரத்துக்குள் அளவுமீறிக் குடித்தது, போதைப்பொருள் பயன்படுத்தியது, கடும் உடலுழைப்பு ஆகியவைதான் ஆபத்தைக் கூட்டியவை.

இவ்வளவு நல்ல ஆய்வு இருந்தும் ஏன் எடுபடவில்லை? நமக்குப் போட்ட ஊசியின் பக்கவிளைவை நமக்கு யாரும் முகம் பார்த்துச் சொல்லவில்லை என்பதால்தான். நம்மில் பெரும்பாலோருக்குப் போட்ட கோவிஷீல்டுக்கும் அரிய பக்கவிளைவு ஒன்று உண்டு. ரத்தம் உறைந்து, தட்டணுக்கள் குறைவது. 2021 மே 17ஆம் தேதியே மத்திய சுகாதார அமைச்சகம் அதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. பத்து லட்சம் டோஸுக்கு 0.61 பேர், பிரிட்டனில் 4, ஜெர்மனியில் 10 என்று ஒப்பிட்டு, நம்முடையது சொற்பம் என்றது. தெற்காசியர்களுக்கு இயல்பிலேயே ரத்த உறைவு குறைவு என்பது ஒரு விளக்கம். நாம் சரியாக எண்ணவில்லை என்பது இன்னொரு விளக்கம். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். தாலுகா மருத்துவமனையில் கடும் தலைவலியோடு வந்தவரிடம் ‘ஊசி எப்போது போட்டீர்கள்’ என்று கேட்டு, தட்டணு எண்ணிக்கை பார்த்து, மாவட்டத்துக்கு எழுதி அனுப்பியிருந்தால்தான் அவர் கணக்கில் வருவார். அந்த மே மாதத்தில் அங்கே படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் வரிசை நின்றது.

முகாமில் நடந்தது நினைவிருக்கும். அரை மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, ‘காய்ச்சல் வந்தா இதைப் போட்டுக்குங்க’ என்று நாலு பாராசிட்டமால் கொடுத்து அனுப்புவார்கள். அந்தச் செவிலியரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று ஆண்டு கழித்து, பிரிட்டன் நீதிமன்றத்தில் கோவிஷீல்டின் மூல நிறுவனமான ஆஸ்ட்ராஜெனகா இந்தப் பக்கவிளைவை ஒப்புக்கொண்டதாக 2024 ஏப்ரலில் செய்தி வந்தபோது, ஏதோ ரகசியம் உடைந்ததுபோல் நாடே அதிர்ந்தது. ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வரக்கூடிய ஒன்றுக்கு, மூன்று ஆண்டு கழித்துப் பயந்தோம்.

பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நாம் சொன்ன பதில் அதைவிட மோசம். ஊசிக்குப் பின் மகளை இழந்த பெற்றோர் உச்ச நீதிமன்றம் போனபோது, ஊசி போட்டுக்கொள்வது அவரவர் விருப்பம், இழப்பீடு தரும் பொறுப்பு அரசுக்கு இல்லை, வேண்டுமானால் உரிமையியல் நீதிமன்றம் போகலாம் என்று 2022 நவம்பரில் ஒன்றிய அரசு பதில் மனு தாக்கல் செய்தது. போட்டுக்கொள்ளச் சொல்லி ஊர் ஊராக மைக் கட்டிக் கூப்பிட்டது யார்? பிரிட்டனில் 1979 முதல் தடுப்பூசிப் பாதிப்புக்கு அரசே பணம் தருகிறது. அதே 2022 மே மாதம், தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்து ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில், பக்கவிளைவுகளைத் தனிநபர்களும் தனியார் மருத்துவர்களும் பதிவு செய்யவும் மக்கள் பார்க்கவும் வழி செய்யச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நிதியும் பதிவும் ஒன்றாக இருந்தால்தான் வேலைக்கு ஆகும். பணம் கிடைக்கும் என்றால்தான் பாதிக்கப்பட்டவர் முன்வருவார், முன்வந்தால்தான் கணக்கு தெரியும்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைச் சிறுமிகளுக்குப் போட்டார்கள். ஏழு சிறுமிகள் இறந்தார்கள். பாம்புக்கடி, நீரில் மூழ்கியது என்று ஊசிக்குச் சம்பந்தமில்லாத காரணங்கள் பின்னால் தெரியவந்தன. ஆனால் பல சிறுமிகளுக்குப் பெற்றோரைக் கேட்காமல் விடுதிக் காப்பாளரே சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்ததும் தெரியவந்தது. 2010 ஏப்ரலில் திட்டம் நின்றது. அந்த ஊசி திரும்ப அரசுத் திட்டங்களின் வாசலுக்கு வரப் பல ஆண்டு பிடித்தது. தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில் பணம் ஒதுக்கி, 14 வயதுச் சிறுமிகளுக்கு அதைப் போட முன்வந்தது. நல்ல ஊசி. அதற்கு இதய அழற்சியோடு சம்பந்தமில்லை. ஆனால் அதே வாட்ஸப் வரத்தான் போகிறது.

போடும் நாளில் பெற்றோர் கையில் ஒரு சீட்டு கொடுக்கலாம். கை வலி, காய்ச்சல், ஊசி குத்திய உடன் சில பிள்ளைகளுக்கு வரும் மயக்கம் எல்லாம் சாதாரணம் என்று ஒரு வரி. எது வந்தால் உடனே வர வேண்டும், எத்தனை நாள் வரை கவனிக்க வேண்டும் என்று ஒரு வரி. இந்த வயதுக்கு, இந்த மருந்துக்கு, எத்தனை பேரில் ஒருவருக்கு என்ன வந்திருக்கிறது என்று ஒரு வரி. கீழே 104 என்ற எண்ணும், மருந்தின் பெயரும், பேட்ச் எண்ணும், தேதியும். அந்தச் சீட்டு இருந்தால், பத்து நாள் கழித்து நடுராத்திரியில் அவசரப் பிரிவில் இருக்கும் பயிற்சி மருத்துவருக்கு, எந்த ஊசி, எப்போது என்று அம்மாவிடம் விசாரித்து நேரத்தைக் கழிக்க வேண்டியிருக்காது.